சேரவேண்டிய கைக்குச் சேரட்டும் மெசேஜ்: வீட்டுக்கு உதவும் 25 குறிப்புகள்

கேஸ் புக் ஆனது, கரண்ட் பில் இவ்வளவு, ரேஷனில் இன்னின்ன வாங்கியாச்சு, சுங்கச்சாவடியில் இவ்வளவு கழிந்தது, பாங்கியில் பணம் ஏறியது என்று நாள் முழுக்க போனில் மெசேஜ் விழுந்துகொண்டே இருக்கிறது. இவற்றை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்புவதில்லை. பில் போட்டதும், பணம் கழிந்ததும், பதிவில் இருக்கும் எண்ணுக்கு மென்பொருள் தானாகவே அனுப்பிவிடுகிறது. அந்த எண்ணுக்குரியவர் வீட்டில் இருக்கிறாரா, லாரியோடு மகாராஷ்டிராவில் இருக்கிறாரா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. சேலம், நாமக்கல் பக்கம் வண்டித் தொழில் உள்ள வீடுகளில் இதுதான் தினசரிச் சிக்கல்: மெசேஜ் போவது ஒருவருக்கு, வேலை பார்க்க வேண்டியவர் இன்னொருவர். அதைச் சரிசெய்யவும், போலிகளைப் பிரித்தறியவும், சிறு தொழில் செய்பவர்கள் தாங்களே அறிவிப்பு அனுப்பவும் இதோ சில குறிப்புகள்.

எந்த எண், யார் கையில்?

1. நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாங்கி, கேஸ், ஈ.பி., ரேஷன், ஃபாஸ்டேக், இன்சூரன்ஸ், பி.எம். கிசான், பிள்ளைகளின் பள்ளி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த போன் எண் பதிவாகியிருக்கிறது, அந்த போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். இரண்டும் பொருந்தாத இடமெல்லாம் மாற்ற வேண்டிய இடம்.

2. கேஸ் இணைப்புக்கு வீட்டில் இருப்பவர் எண்ணையே கொடுங்கள். சிலிண்டர் டெலிவரிக்கு முன் ஒரு குறியீட்டு எண் மெசேஜில் வரும். சிலிண்டர் கொண்டுவருபவர் அதைத்தான் கேட்பார். வீட்டுக்காரர் குஜராத் எல்லையில் சிக்னல் இல்லாமல் இருந்தால் வாசலில் சிலிண்டரும் நிற்கும், ஆளும் நிற்பார். ஏஜென்சியில் நுகர்வோர் எண்ணைச் சொல்லி போன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இண்டேன் வாடிக்கையாளர்கள் பதிவான எண்ணிலிருந்து 84549 55555க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே புக் ஆகிவிடும். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

3. வீட்டுக்கு ஒன்று, தறிக்கூடத்துக்கு ஒன்று, வாடகைக்கு விட்ட பகுதிக்கு ஒன்று எனப் பல ஈ.பி. இணைப்புகள் இருந்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாக போன் எண் பதிய வேண்டும். ஒன்றுக்குப் பதிந்தால் மற்றவற்றுக்கும் சேர்ந்துவிடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்ததும் தொகையும் கடைசித் தேதியும் மெசேஜில் வந்துவிடும். வாடகை வீட்டு இணைப்பில் குடியிருப்பவர் எண் இருந்தால், அவர் காலி செய்யும் அன்றே அதை மாற்றிவிடுங்கள். மின்சாரப் புகார்களுக்கு ‘மின்னகம்’ எண் 94987 94987.

4. ரேஷனில் பில் போட்டதும் வாங்கிய பொருள்களின் விவரம் மெசேஜாக வரும். கடைக்குப் போய்வந்தவர் கையில் உள்ள பையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்கே போகாத நாளில் அப்படி மெசேஜ் வந்தால் அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு ரேஷன் புகார் எண்ணான 1967க்குப் பேசுங்கள். போகும் முன் கடை திறந்திருக்கிறதா என்று அறிய, பதிவான எண்ணிலிருந்து ஆங்கில எழுத்தில் பி.டி.எஸ். என்று புள்ளியில்லாமல் தட்டி, இடம் விட்டு 102 சேர்த்து 97739 04050க்கு அனுப்பலாம். 101 என்று அனுப்பினால் இருப்பு விவரம் வரும்.

5. பாங்கிக் கணக்கில் மட்டும் கணக்குதாரரின் சொந்த எண்ணே இருக்கட்டும். “பையன் படித்தவன், அவன் எண்ணைக் கொடுப்போம்” என்று அப்பத்தாவின் முதியோர் ஓய்வூதியக் கணக்கில் பேரன் எண்ணைப் போட்டால், பணம் எடுத்தது யாராக இருந்தாலும் அப்பத்தாவுக்கு மட்டும் தெரியாது. அவர் போனை வைத்துக்கொள்ளட்டும். மெசேஜைப் படித்துக்காட்ட ஓர் ஆள் இருக்கட்டும்.

6. போன் எண்ணை மாற்றினால், பழைய எண்ணை நிறுத்தும் முன்பே பாங்கி, கேஸ், ஈ.பி. எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிந்துவிடுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். அதன்பின் சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் பாங்கி மெசேஜ் அவர் போனில் விழும்.

7. பெரியவர்களின் பட்டன் போனில் மெசேஜ் பெட்டி நிரம்பிவிட்டால் புதிய மெசேஜ் உள்ளே வராது. மாதம் ஒருமுறை பழைய விளம்பரங்களை அழித்துக்கொடுங்கள். “எனக்கு மட்டும் மெசேஜே வரமாட்டேங்குது” என்ற புகார் பல நேரம் இதோடு தீர்ந்துவிடும்.

8. தோட்டத்து மோட்டாரை போனில் போட்டு நிறுத்தும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்தது, மோட்டார் ஓடத் தொடங்கியது, தண்ணீரில்லாமல் நின்றது என்று தகவல் தருவது அதுதான். ரீசார்ஜ் முடிந்தால் பெட்டி ஊமையாகிவிடும். அந்த சிம் எண்ணையும் முடிவுத் தேதியையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. வாங்கும் முன் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.

அசலா, போலியா?

9. அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 2025 மே முதல், நிறுவனங்கள் அனுப்பும் மெசேஜில் சுருக்கப் பெயருக்குப் பின் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவைத் தகவல், ‘டி’ என்றால் ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனைத் தகவல், ‘ஜி’ என்றால் அரசுத் தகவல். பாங்கி என்றோ மின்வாரியம் என்றோ சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால், படிக்கும் முன்பே சந்தேகப்படுங்கள்.

10. போன மாத மெசேஜோடு ஒப்பிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, மொத்தமாக மெசேஜ் அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். பதிந்த வாசகத்தில் விட்டிருக்கும் இடைவெளிகளில் உங்கள் இணைப்பு எண், தொகை, தேதி ஆகியவற்றை மட்டும் மென்பொருள் நிரப்பும். அதனால் அசல் மெசேஜ் ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல அதே வாசகத்தில், பெரும்பாலும் பழைய மெசேஜ்களுக்குக் கீழேயே வந்து நிற்கும். போலி தனியாக வரும்; வாசகம் மாறும்; உங்கள் பெயரோ இணைப்பு எண்ணோ இருக்காது; அவசரம் மட்டும் நிறைய இருக்கும்.

11. “போன மாத பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30க்கு கரண்ட் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடவும்” என்ற மெசேஜ் 2022 முதல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் ஓர் ஆப்பை இறக்கச் சொல்லி போனையே கைப்பற்றிக்கொள்வார்கள். மின்வாரியம் அப்படி அதிகாரியின் சொந்த எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொல்வதில்லை. ஐயமிருந்தால் வாரியத்தின் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டு பாக்கி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

12. லாரி, கார் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். “உங்கள் வண்டி மேல் அபராதம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது ஆவணம் அல்ல, ஆப். திறந்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் திருடனுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் என்ற பெயர்களிலும் இதே கோப்பு வருகிறது. அபராதம் உண்மையா என்பதைப் பரிவாகன் தளத்தில் வண்டி எண் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியில் போயிருக்கும் டிரைவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

13. ஃபாஸ்டேக் மெசேஜை அழிக்காதீர்கள். சாவடியின் பெயர், நேரம், தொகை மூன்றும் அதில் இருப்பதால் நடைக்கணக்குக்கு அதுவே சாட்சி. வண்டி பட்டறையில் நிற்கும்போது ஓமலூரிலோ ராசாம்பாளையத்திலோ பணம் கழிந்ததாக வந்தால், அன்றே டேக் கொடுத்த பாங்கியில் புகார் பதியுங்கள்; தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. பட்டறை ரசீது இருந்தால் உடன் இணையுங்கள்.

14. எந்த எண்ணை யாரிடம் சொல்லலாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி இருக்கட்டும். கேஸ், பார்சல் குறியீட்டைப் பொருள் கைக்கு வந்தபின் நேரில் சொல்லலாம். பாங்கி ஓ.டி.பி.யைப் பாங்கிக்காரரிடம்கூடச் சொல்லக் கூடாது. ஓ.டி.பி. மெசேஜில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரியையும் படியுங்கள். எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று அதிலேயே இருக்கும். “பணம் அனுப்புகிறேன், எண் சொல்லுங்க” என்று கேட்பவரின் பொய் அங்கேயே வெளுத்துவிடும். பணம் வாங்க ஓ.டி.பி. தேவையே இல்லை.

15. அழைப்புகளுக்கும் அடையாளம் உண்டு. 140 என்று தொடங்கினால் விளம்பர அழைப்பு. பாங்கி, இன்சூரன்ஸ் போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

16. நீங்கள் எடுக்காத பணம் கழிந்ததாக மெசேஜ் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் பாங்கியைக் கூப்பிட்டு கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். அடுத்து 1930, சைபர் குற்ற உதவி எண். ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட விதிப்படி, பாங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையதல்ல. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரையிலான நஷ்டம் உங்கள் தலையில்தான். இரண்டிலும் தாமதமே எதிரி. பணம் போகாமல் வெறும் மோசடி முயற்சி என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் பதியலாம்.

தொல்லையைக் குறைக்க

17. விளம்பர மெசேஜ் வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். பாங்கி, கேஸ், ஓ.டி.பி. தகவல்கள் இதனால் நிற்காது, பயப்பட வேண்டாம். அதன் பிறகும் விளம்பரம் வந்தால் 7 நாட்களுக்குள் டிராயின் டி.என்.டி. ஆப்பில் புகார் கொடுக்கலாம். விளம்பரக்காரர் கைக்கு எண் போகும் வழியிலும் கவனம்: கடை பில்லில் போன் எண் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை.

18. ஆப் அறிவிப்புகளை மொத்தமாக அணைக்காதீர்கள். தொல்லை தரும் அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் நிறுத்தும் வழி வரும். சலுகை விளம்பரம் போகும், பணம் வந்த தகவல் தொடரும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: பேட்டரியை மிச்சப்படுத்த சில போன்கள் ஆப்களைத் தூங்கவைத்துவிடும், அறிவிப்பு மணிக்கணக்கில் தாமதமாகும். பாங்கி, வானிலை ஆப்களுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவையுங்கள்.

வானமும் ஆறும் பண்ணையும்

19. 2023இல் போன்கள் திடீரென்று அலறி, ‘சோதனைச் செய்தி’ என்று காட்டியது நினைவிருக்கலாம். அது பேரிடர் எச்சரிக்கைக்கான செல் பிராட்காஸ்ட் முறை. தனித்தனி எண்ணுக்கு அனுப்பாமல், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் போகும். எங்கும் பதிய வேண்டியதில்லை. சத்தத்துக்குப் பயந்து அணைத்துவைத்திருந்தால், செட்டிங்ஸில் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடி மீண்டும் போட்டுவிடுங்கள்.

20. காவிரிக் கரையில் இருப்பவர்கள் மேட்டூர் அறிவிப்பைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. அணையின் முழு மட்டம் 120 அடி. அது நிரம்பிய பிறகு மட்டம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து “ஏறவில்லையே” என்று இருந்துவிடக் கூடாது. பார்க்க வேண்டியது வெளியேற்றம் எத்தனை கன அடி என்பதை. வருகிற உபரி நீரெல்லாம் பதினாறு கண் மதகு வழியே கீழே வந்துவிடும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஆகஸ்டிலும் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது இப்படித்தான். 2022இல் அரசு தண்டோரா முறையை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது ஒலிபெருக்கி வண்டியும் போனும்தான். பூலாம்பட்டி முதல் பரமத்திவேலூர், மோகனூர் வரை உள்ளவர்கள் 2024இல் அரசு வெளியிட்ட ‘டிஎன் அலர்ட்’ ஆப்பை வைத்துக்கொள்வது நல்லது.

21. சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்கு முன் ஆடு மேய்ப்பவரையும் களையெடுப்பவரையும் உள்ளே அழைக்க ‘தாமினி’ ஆப் உதவும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். இருப்பிடம் அறியும் வசதி போனில் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

22. பயிருக்கும் கோழிக்கும் ‘மேகதூத்’ ஆப். 2019 முதல் இருக்கிறது. மாவட்ட வாரியான வேளாண் வானிலை ஆலோசனை செவ்வாய், வெள்ளியில் புதுப்பிக்கப்படும். மரவள்ளிக்கு மருந்தடிக்கும் நாளை முடிவுசெய்ய இதைப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள வானிலை மையம் கோழிப்பண்ணைக்கென்றே வெயில், தீவனம், தண்ணீர் குறித்து ஆலோசனை தருகிறது. கோடையில் பண்ணை மேஸ்திரி போனுக்கும் அது போய்ச்சேரட்டும்.

23. வாட்ஸ்அப்பில் வரும் முட்டை விலையில் தேதியையும் மண்டலத்தையும் முதலில் பாருங்கள். 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஊர்வாரியாக விலை அறிவிக்கிறது. ஐதராபாத் விலை நாமக்கல்லுக்குப் பொருந்தாது. 580 என்றிருந்தால் நூறு முட்டைக்கு 580 ரூபாய், அதாவது ஒன்று 5 ரூபாய் 80 காசு. அது பண்ணை விலை. வண்டிச் சத்தம், உடைசல், கடை லாபம் சேர்ந்துதான் மளிகைக்கடை விலை வரும்.

நீங்களே அனுப்புவதென்றால்

24. தையல், பால், சீட்டு, டியூஷன், மகளிர் குழு எதுவானாலும் தொடக்கத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். பணம் கட்ட வேண்டாம். குரூப் போடாமல் ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ போடுங்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. குட் மார்னிங் தொல்லையும் கிடையாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும் என்பதால், முதல் நாளே “என் நம்பரைப் பதிஞ்சுக்குங்க அக்கா” என்று சொல்லிவிடுங்கள். மெசேஜில் என்ன, எவ்வளவு, எப்போது, யாரைக் கேட்பது என்ற நான்கும் இருக்கட்டும். உதாரணம்: “அக்கா, ப்ளவுஸ் 3 தைத்தாச்சு. கூலி 900. சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் வாங்கிக்கலாம். ஞாயிறு கடை இல்லை. ஏதும் கேட்கணும்னா இந்த நம்பரிலேயே கூப்பிடுங்க.” இரவு 9க்கு மேல் அனுப்பாதீர்கள், வேண்டாம் என்றவரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு எஸ்.எம்.எஸ். என்றால் குறிப்பு 10இல் சொன்னபடி நிறுவனத்தையும் பெயரையும் வாசகத்தையும் பதிய வேண்டும். பதிவில்லாமல் “மலிவாக அனுப்பித் தருகிறோம்” என்பவரிடம் வாடிக்கையாளர் எண்களைக் கொடுக்காதீர்கள்.

25. யாரும் அனுப்பாத மெசேஜை நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். லாரிக்கு எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று. வீட்டில் குழந்தையின் தடுப்பூசி, அடகு நகையின் தவணை, மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாள். இவற்றை போன் காலண்டரில் போட்டு, 30 நாள் முன்பு ஒன்று, 7 நாள் முன்பு ஒன்று என இரண்டு நினைவூட்டல் வையுங்கள். ஒரே காலண்டரைக் கணவன் மனைவி இருவர் போனிலும் பகிர்ந்துவைத்தால், வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும் எஃப்.சி. தேதி வீட்டில் இருப்பவருக்கும் தெரியும். மாதத்தின் முதல் தேதியில், குறிப்பு 1இல் சொன்ன நோட்டுப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியும் அதில் ஒரு நினைவூட்டலைப் போட்டுவிடுங்கள்.